சனி விடக் கூடாது

கொத்தனாருக்கு அவருடைய சொந்த ரத்தமே வாராவாரம் தபாலில் வந்துகொண்டிருந்தது. விசாரிக்கிறவர்களிடம் அவர் அப்படித்தான் சொல்வார்.

“ஊர்ல எல்லாரும் மருந்தைக் கடையில வாங்குறாங்க. எனக்கு என் ரத்தம்தான் மருந்து. அதையும் நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும். யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?”

சொல்லிவிட்டு முதல் ஆளாக அவரே சிரிப்பார்.

போன கோடையில் ஒரு மாடி வீட்டின் கூரைக்கு உட்பக்கம் பூச்சு வேலை. சாரத்துக்கு மேலே இழுத்த சுண்ணாம்பு வாளியின் கயிறு நழுவி, கீழே அண்ணாந்து நின்றவரின் முகத்தில் கவிழ்ந்துவிட்டது. கூட இருந்தவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அதனால்தான் இந்த அளவாவது மிஞ்சியது என்று நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும். வலது கண்ணில் எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் இருப்பதுபோல உலகம் தெரிந்தது. அந்த வலது கண்ணைக் காப்பாற்றத்தான் இந்த ரத்த வைத்தியம். சில மாதத்துக்கு ஒருமுறை அவர் கையிலிருந்து எடுப்பார்கள். அதைத் தெளியவைத்து மேலே நிற்கிற தண்ணீரைப் பிரித்து உறையவைத்துக்கொள்வார்கள். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வியாழக்கிழமை இளக்கிச் சொட்டு மருந்தாகக் கலந்து, வெள்ளிக்கிழமை ஐஸ் பைகளோடு பெட்டியில் வைத்துத் தபாலில் சேர்ப்பார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடும். குளிரில் இருந்தால் ஒரு வாரம் தாங்கும். வெயில் பட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது.

வீடு வாய்க்கால் பக்கம் இறங்குகிற தெருவில் இருந்தது. முன்னறையில் கொத்தனாரும் மனைவியும். பின்னறையில் கொத்தனாரின் அக்கா. தெருவே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும். சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஊசியைவிட நாக்கு கூர்மை என்று பேர். மனைவி ரொட்டி சுடுகிற இடத்தில் மாவு பிசைகிறவள். விடியும் முன்னே போய், வெயில் ஏறும்போது தலைமுடியெல்லாம் மாவு படிந்து திரும்புவாள். அதனால் ரொட்டியம்மா. ஒரே கூரையின் கீழே இருபது வருஷத்துக்கு மேலாக இருந்தும், ரொட்டியம்மாவுக்கும் பெரியக்காவுக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. இருவரும் கொத்தனாரைப் பார்த்துத்தான் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

“சாயங்காலம் சூப்புல உப்பு போட்டது யாருன்னு கேளு தம்பி. கடலையே கொட்டினாப்பல இருந்துச்சு.”

“உருளைக்கிழங்கு உப்பை இழுக்கலைன்னா நான் என்ன பண்ண முடியும்னு சொல்லுங்க.”

கொத்தனார் இருவருக்கும் நடுவில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கண் போனாலும் காது நன்றாக இருப்பது கஷ்டகாலம்தான் என்பார்.

சனிக்கிழமை மட்டும் வீட்டில் சண்டை இருக்காது. அன்றைக்குத் தபால் கொண்டுவருகிறவள் வேறு. வாரநாள் தபால்காரருக்கு அன்று ஓய்வு. அவருக்குப் பதிலாக வருகிற பெண்ணுக்கு மற்ற நாட்களில் சலவைப் பட்டறையில் இஸ்திரி போடுகிற வேலை. சனிக்கிழமை தபால்காரி என்பது சுருங்கிச் சுருங்கி ஊர் அவளைச் சனி என்று கூப்பிட ஆரம்பித்தது. முதலில் கோபப்பட்டாள். பிறகு அதையே அழைப்புமணியாக்கிக்கொண்டாள்.

“சனி வந்திருக்கேன்! வீட்டுல யாரு?”

“வாம்மா வா. ஊர்லயே வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டு வர்ற சனி நீ ஒருத்திதான்” என்பாள் பெரியக்கா.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தாள். வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த நேரம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பையின் அடியில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்த பெட்டியை எடுத்தாள். ஈரத்துணி தபால் இலாகா கொடுத்தது அல்ல. சலவைப் பட்டறையில் கிழிந்துபோன படுக்கை விரிப்பிலிருந்து அவளே கிழித்துக்கொண்டது. ரொட்டியம்மா பெட்டியைப் பிரித்து ஐஸ் பையை விரலால் அழுத்திப் பார்த்தாள். நடுவில் இன்னும் கெட்டியாக இருந்தது. குப்பிகளை ஓடிப்போய் ஃபிரிட்ஜில் வைத்தாள். கொத்தனாரின் விரலைப் பிடித்துக் காகிதத்தில் இடம் காட்டினாள். அவர் கையெழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து ஓடியது.

சனி தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அது வழக்கமில்லை.

“என்ன, கால் வலியா?” என்றார் கொத்தனார்.

“இல்லண்ணே. எப்படிச் சொல்றதுன்னு பாக்குறேன். போஸ்ட் ஆபீஸ் கதவுல ஒட்டிட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து சனிக்கிழமை டெலிவரி கிடையாதாம். வெள்ளிக்கிழமை கிளம்பினது திங்கட்கிழமைதான் வரும்.”

ஃபிரிட்ஜின் கதவைப் பிடித்தபடி ரொட்டியம்மா நின்றாள்.

“அப்ப உனக்கு?” என்றார் கொத்தனார்.

“எனக்கென்னண்ணே. இஸ்திரிப் பெட்டி இருக்கு. இங்க மட்டுமில்ல, நம்ம மாதிரி சின்ன ஊர் எல்லாத்துலயும் நிறுத்துறாங்களாம்.”

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு கொத்தனார்தான் ஆரம்பித்தார்.

“வேடிக்கையைப் பாத்தியா? சனி விட்டா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நாம மட்டும் சனி விட்டுடக் கூடாதுன்னு கும்பிட வேண்டியிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ரொட்டியம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மருந்து கலக்கிற பிரிவில் இருந்த நர்ஸ் நல்லவள்; பொறுமையாகக் கேட்டாள். கலக்கிற அறை வியாழக்கிழமை மட்டும்தான் எங்கள் கையில், மற்ற நாளில் வேறு பிரிவுக்காரர்கள், எங்கெங்கோ இருக்கிற எத்தனையோ பேருக்கு அன்றைக்கு ஒரே மூச்சாகக் கலந்து முடிக்கவே ராத்திரியாகிவிடுகிறது என்றாள். “வெள்ளிக்கிழமை நீங்களே நேர்ல வந்து வாங்கிட்டுப் போக முடியுமாம்மா?”

போக ஒரு பகல், திரும்ப ஒரு இரவு. வெள்ளிக்கிழமை என்றால் ரொட்டி அடுப்பு அணையாத நாள். வாரக்கடைசிக்கு இரட்டை மாவு. ஒருமுறை போகலாம். வாராவாரம் போனால் வேலை இருக்காது. வேலை இல்லை என்றால் பஸ்ஸுக்கே வழியில்லை. பெரியக்காவுக்கோ முழங்கால் மடங்காது. வீட்டைச் சுற்றிச் சுற்றி யோசித்தும் யோசனை அதே சுவரில்தான் வந்து முட்டியது.

அதற்குள் ஒரு சனிக்கிழமை பொது விடுமுறையாகப் போயிற்று. பெட்டி திங்கட்கிழமை வந்தது. வாரநாள் தபால்காரர் பாவம், ஓட்டமாகத்தான் கொண்டுவந்தார். ஐஸ் பை வெந்நீர்ப் பைபோலக் கிடந்தது. குப்பிக்குள் மருந்து சோப்புத் தண்ணீராகக் கலங்கியிருந்தது.

“பரவாயில்ல, விடு. என் ரத்தம்தானே, என்னைக் கடிக்கவா போகுது” என்றார் கொத்தனார்.

“பேசாம இருங்க” என்று ரொட்டியம்மா எல்லாக் குப்பிகளையும் கொட்டிக் கழுவினாள்.

அந்த வாரம் முழுவதும் வேறு சொட்டு மருந்து கடையில் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். பிரயோஜனமில்லை. கண் காய்ந்துபோயிற்று. இமையைத் திறக்கும்போது உள்ளே யாரோ அம்மியில் மணலை வைத்து அரைக்கிறார்கள் என்றார். அதன்பிறகு எதுவும் சொல்லவில்லை. முன்பொருமுறை சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த அன்றுகூட வேடிக்கை பேசிக்கொண்டிருந்த மனிதர், முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெளிச்சம் ஆகாது என்று ஜன்னல்களை அடைத்தார்கள். அனலில் வீடே அடுப்பாகத் தகித்தது. பெரியக்கா பொத்தான் துளை வேலையை ஓரமாக வைத்துவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கிளம்புமுன் துணியை மாற்றிப் போடுவாள் ரொட்டியம்மா. வந்ததும் முகம் கழுவாமல் முதலில் துணியை மாற்றுவாள். அந்த வாரம் சூப்பில் உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மருந்து சரியாக வந்தது. இரண்டு மூன்று நாளில் கண் எரிச்சல் தணிந்தது. ஆனால் எண்ணெய்க் காகிதத்தின் மேல் இன்னொரு காகிதம் ஒட்டினாற்போல் இருக்கிறது என்றார். அந்த இரண்டாவது காகிதம் போகவே இல்லை.

வார்டு மெம்பர் சலூன் வைத்திருந்தார். கொத்தனாருக்குச் சவரம் செய்ய ரொட்டியம்மாதான் கைபிடித்துக் கூட்டிப்போவாள். அன்றைக்கு அவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு வழக்கம்போல வெளியே போகாமல் கண்ணாடி ஓரமாக நின்றாள்.

“மெம்பரே, சனிக்கிழமைத் தபாலை நிறுத்துறாங்க. தெரியுமா?”

“தெரியும்மா. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா தபால் நமக்குக் கீழ வராது. அது மேலிடம். நமக்குக் கீழ வர்றது சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணி.”

“சாக்கடை அடைச்சா உங்ககிட்ட வர்றோம். தபால் அடைச்சா யாருகிட்டப் போறது?”

“அதான் சொல்றேனே, அது...”

“மேலிடத்துல யாரை எனக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச மேலிடம் நீங்கதான். நீங்களும் எனக்குக் கீழ வராதுன்னா நான் எங்க போய் நிக்கட்டும்?”

சலூன்காரர் கத்தியைக் கொத்தனாரின் தொண்டைக்கு அருகே வைத்தபடியே யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

“மெம்பரே” என்றார் கொத்தனார் அசையாமல். “கத்தியைக் கீழ வெச்சுட்டு யோசிங்க. எனக்குக் கண்ணோட நிறுத்திக்கலாம்.”

சலூன்காரர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுக் கத்தியை நிஜமாகவே கீழே வைத்தார்.

“கூட்டத்துல வைக்கிறேன். ஆனா ஒண்ணு. நான் பேசினா முடிவெட்டுறவன் வம்பு பேசுறான்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. நீங்க வரணும்மா. வந்து பேசணும்.”

“நானா? மாவுகிட்ட மட்டும் பேசிப் பழகினவ நான். சபையில என்ன பேசுவேன்?”

“இப்ப எங்கிட்டப் பேசினீங்களே, அதையே பேசுங்க.”

நகர சபைக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை மாலையில். நீள மேஜை, மேலே மின்விசிறிகள் சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போட்டன. தலைவியம்மா ஒருகாலத்தில் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இன்றும் யாராவது பேச எழுந்தால் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் பார்ப்பார். தபால் நிலைய அதிகாரியையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெரியக்காவும் வருவேன் என்று அடம்பிடித்து, முழங்காலை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கொத்தனார் இருவருக்கும் நடுவில்.

சலூன்காரர் விஷயத்தைச் சொன்னதும் சிமெண்ட் கடைக்காரர் எழுந்தார். அவரும் மெம்பர்தான். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம்.

“கொத்தனாரை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். எங்கிட்ட சரக்கு எடுத்த மனுஷன். வருத்தம் இல்லாம இல்ல. ஆனா சபைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குன்னு வேலை இருக்கு. ரோடெல்லாம் பள்ளம். அதையே நம்மால மூட முடியல. இதுல மேலிடத்து வேலையையும் இழுத்துத் தலையில போட்டுக்கணுமா? இன்னைக்குத் தபால், நாளைக்கு ரயிலு. எங்க போய் நிக்கும்?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பலர் தலையாட்டினார்கள். தலைவியம்மா ரொட்டியம்மாவைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க.”

ரொட்டியம்மா எழுந்தாள். தயார் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. கையில் மாவு ஒட்டியிருப்பதுபோல விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

“ஐஸ் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும்” என்றாள். “அதுக்கு மேல தாங்காது.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். சபைக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கோ ஒரு சிரிப்புக்கூடக் கேட்டது.

அப்போதுதான் பெரியக்கா எழுந்தாள். தலைவியம்மா அனுமதி கொடுக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

“நான் பேசுறேன். எனக்கும் இவளுக்கும் ஆகாது. தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. இருபது வருஷமா இவ வெச்ச சூப்பை நான் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. ஒரு வாரம் மருந்து கெட்டு வந்துச்சு. என் தம்பி வலியில சுவத்தைப் பாத்துப் படுத்துட்டான். சின்ன வயசுலேர்ந்து அவன் அப்படிப் படுத்து நான் பாத்ததில்ல. இவ விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போவா, வந்து நிப்பா, துணி நனைப்பா, மறுபடி நனைப்பா. உக்காந்து நான் பாக்கவே இல்ல. அடுப்படியில நின்னுக்கிட்டே தூங்கினா. ஒருநாள் நான் எந்திரிச்சுப் போய்த் தாங்கிப் பிடிச்சேன். இல்லாட்டி அடுப்புலயே விழுந்திருப்பா. இது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த வாரம் ஒரு வாரம். நீங்க இப்ப வாராவாரம்னு சொல்றீங்க. ரோட்டுல பள்ளம் இருந்தா சுத்திப் போகலாம்யா. இவ எதைச் சுத்திப் போவா?”

ரொட்டியம்மா தலையைத் திருப்பிப் பெரியக்காவைப் பார்த்தாள். கொத்தனாரைத் தாண்டி, நேராக.

தலைவியம்மா தபால் அதிகாரியின் பக்கம் திரும்பினார். “நிறுத்துறதுக்கு என்ன காரணம்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.”

“எனக்கும் இதுல சந்தோஷம் இல்லம்மா. சனிக்கிழமை பையைக் கொண்டுவர்ற வேனை நிறுத்திட்டாங்க. ஆபீஸைத் திறந்து வைக்கவும் அனுமதி இல்ல. கொண்டுவந்து கொடுக்குற பொண்ணு மட்டும் தயாரா இருக்கா. பையும் இல்ல, பிரிக்க இடமும் இல்லன்னா அவ எதைக் கொண்டுபோவா?”

“அப்ப வண்டியும் இடமும் இருந்தா?”

“இருந்தா... நான் மேல எழுதலாம். சபையே முன்வந்து கொடுக்குதுன்னா, வேணாம்னு சொல்ல அவங்களுக்குக் காரணம் கம்மி.”

தலைவியம்மா மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்த குடிதண்ணீர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். “நம்ம ஜீப் சனிக்கிழமை எங்க போகுது?”

“தண்ணி சாம்பிள் எடுத்துக்கிட்டு ஜங்ஷன் ஊர் லேபுக்குப் போகுதும்மா. விடியக்காலைல போயிட்டுத் திரும்பிடும்.”

“தபால் ரயில் எங்க நிக்குது?”

“அதே ஊர்லதான்” என்றார் தபால் அதிகாரி. கழுத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“திரும்பும்போது ஜீப்புல என்ன வருது?”

“ஒண்ணுமில்லம்மா. டிரைவர் மட்டும்தான்.”

தலைவியம்மா நாற்காலியில் சாய்ந்தார். டிக்கெட் இல்லாதவரைப் பிடித்துவிட்ட முகம். “ஒரு வண்டி காலியா வருது. நூலகத்து முன்னறை சனிக்கிழமை காலைல சும்மா கிடக்கு. ரெண்டையும் கொடுக்கலாம். சனிக்கிழமைத் தபால் வேணும்னு சபை தீர்மானம் போட்டு மேல அனுப்பலாம். வெறும் தீர்மானம் அனுப்பினா கோப்புக்குள்ள போயிடும். வண்டியோட அனுப்பினா யோசிப்பாங்க. கை தூக்குங்க.”

கைகள் மெதுவாக உயர்ந்தன. சிமெண்ட் கடைக்காரர் எதிர்த்துக் கை தூக்கினார். ஒற்றைக் கை. அந்த உயரத்தில் அது எல்லோருக்கும் தெரிந்தது.

வெளியே வந்தபோது ரொட்டியம்மா யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் படியில் நின்றாள். சலூன்காரர், “இன்னும் ஒண்ணும் ஆகலம்மா, மேல என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்” என்று கும்பிட்டுவிட்டு ஓடினார். பெரியக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கத் தடுமாறினாள். ரொட்டியம்மா கையை நீட்டினாள்.

“பிடிச்சுக்குங்கக்கா.”

“வாயிருக்கே அவளுக்கு” என்றாள் பெரியக்கா, கொத்தனாரைப் பார்த்து. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

சபை காத்திருந்தது. வீடும் காத்திருந்தது. இலாகாவிலிருந்து ஒருவர் வந்து நூலகத்து முன்னறையின் பூட்டை இழுத்துப் பார்த்தார், ஜீப்பைச் சுற்றி நடந்தார், எதையோ குறித்துக்கொண்டு போனார். மாதம் முடிய இருந்தது. ரொட்டியம்மா முதலாளியிடம் வெள்ளிக்கிழமை விடுப்புக்குச் சொல்லிவைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு காலை, சலூன்காரர் கத்திரிக்கோலோடு தெருவில் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பாதித் தலை வெட்டிய ஒருவர், கழுத்தில் துணியோடு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் தானும் ஓடிவந்தார்.

“கிடைச்சிருச்சு! ஒரு வருஷத்துக்குச் சோதனையா நடத்தச் சொல்லிட்டாங்க. சனி விடல கொத்தனாரே, சனி விடல!”

கொத்தனார் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். சலூன்காரரின் குரல் வந்த பக்கம் இரண்டு கைகளையும் நீட்டினார். கத்திரிக்கோலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ரொட்டியம்மா உள்ளே போய் ஒரு முழு ரொட்டியை எடுத்துவந்து, பாதித் தலை வெட்டியவர் கையில் கொடுத்தாள். ஏன் தனக்கு என்று அவர் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டார்.

புதிய ஏற்பாட்டின் முதல் சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கோடை முழுவதும் ஏமாற்றிய வானம் எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்டித் தீர்த்தது. வாய்க்கால் தெருவுக்கு ஏறியது. காலையிலேயே ஒரு செய்தி வந்தது: ஜீப் டிரைவருக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லையாம். வேறு ஆள் யார் போனது, போனார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

ரொட்டியம்மா வாசலில் குடையோடு நின்றாள். பெரியக்கா ஜன்னலில். மத்தியானம் நெருங்கியது.

“இந்த மழைல ஜங்ஷன் ரோடு முழுகிப்போயிருக்கும்” என்றார் உள்ளேயிருந்து கொத்தனார். “இன்னைக்கு இல்லன்னா இல்ல. விடு. அவங்களால ஆனதைப் பண்ணினாங்க. அதுவே பெரிசு.”

“வரும்” என்றாள் ரொட்டியம்மா.

தெருமுனையில் இரண்டு மங்கிய விளக்குகள் திரும்பின. ஜீப் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கி வீட்டுக்கு நேராக நின்றது. முதலில் குதித்தவள் சனி. மழைக்கோட்டைத் தான் போட்டுக்கொள்ளாமல் பையின் மேல் போர்த்தியிருந்தாள்.

“நூலகத்துல மத்ததைப் பிரிக்கச் சொல்லிட்டு, இதை மட்டும் நேரா எடுத்துட்டு வந்துட்டோம். சனி வந்திருக்கேன்!” என்று கத்தினாள்.

ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து இறங்கிய ஆள் உயரமாக இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிமெண்ட் கடைக்காரர்.

ரொட்டியம்மா குடையை அவர் பக்கம் நீட்டினாள். பெரியக்கா ஜன்னலிலிருந்தே கேட்டாள்.

“ஏன்யா, நீர்தானே வேணாம்னு கை தூக்கினீரு?”

“தூக்கினேன். திரும்பக் கேட்டாலும் தூக்குவேன்” என்றார் அவர், தண்ணீரைத் துடைத்துக்கொண்டே. “ஆனா தீர்மானம் ஆயிடுச்சுல்ல? அப்புறம் அது என் தீர்மானமும்தானே. டிரைவர் வரலன்னு காலைல தலைவியம்மா போன் மேல போன் அடிக்கிறாங்க. ஜீப் ஓட்டத் தெரிஞ்ச மெம்பர் நான் ஒருத்தன்தான். லாரியே ஓட்டினவன். சும்மா உக்காந்திருக்க முடியுமா?”

“ரோடு முழுகலையா?” என்றார் கொத்தனார்.

“முழுகியிருக்கு. பள்ளம் எங்கெங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடம். வருஷக்கணக்கா சபையில கத்தினவனாச்சே.”

கொத்தனார் சிரித்தார். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. மருந்து கெட்ட வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை வீடு கேட்கவில்லை. ரொட்டியம்மா பெட்டியைப் பிரித்தாள். ஐஸ் பையை அழுத்தினாள். விரல் உள்ளே போகவில்லை. அழுத்திய விரலை அப்படியே கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு சிமெண்ட் கடைக்காரரிடம் துண்டு ஒன்றைக் கொடுத்தாள்.

“உக்காருங்கண்ணே. டீ போடுறேன். நல்லாயிருப்பீங்க.”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா, நான் கிளம்புறேன்...”

“உக்காருமய்யா” என்றாள் பெரியக்கா. “அவ டீ நல்லாத்தான் போடுவா.”

அந்த வாக்கியம் அந்த வீட்டில் அதற்குமுன் சொல்லப்பட்டதில்லை. சொன்னவளும் கேட்டவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டீக்கு முன்னால் மருந்து. ரொட்டியம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கொத்தனார் தலையை நாற்காலிக்குப் பின்னால் சாய்த்துக்கொண்டார். சிமெண்ட் கடைக்காரர் துண்டைத் தோளில் போட்டபடி கிட்டே வந்து நின்றார். அத்தனை உயரமும் குனிந்தது.

“எரியுமா?” என்றார். குரல் சபையில் கேட்ட குரல் இல்லை.

“எரியாதுண்ணே” என்றார் கொத்தனார். “ஜில்லுனு இருக்கும். உள்ள போய் எல்லாத்தையும் கழுவிவிட்டாப்பல இருக்கும்.”

சொட்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார். விட்ட மருந்து கண்ணில் தங்கும்வரை திறக்கக் கூடாது. சனி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கண்ணோரத்தில் வழிந்த துளியை ரொட்டியம்மா விரலால் ஒற்றியெடுத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது, கொத்தனாரின் தலைக்கு மேல் குனிந்தபடி சிமெண்ட் கடைக்காரரும் தன்னையறியாமல் கண்களை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.